அட்டையில் இருபத்து நான்கு

சேந்தமங்கலம்
29.9.2024

தமிழரசு அவர்களுக்கு,

பாலசுந்தரம் எழுதுவது. இந்தக் கடிதம் இருக்கும் பெட்டியிலேயே உங்கள் ஆன்டெனா இரண்டும் இருக்கின்றன. ஒன்று என் வீட்டு மாடியில் இருந்தது. இன்னொன்று கோழிப்பண்ணையில், முட்டை ரூம் கூரை மேல் இருந்தது. நானே ஏறிக் கழற்றினேன். ஒன்றில் கம்பத்தில் மாட்டும் காது உடைந்துவிட்டது. உடைந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

உங்கள் நம்பரை என் போனில் வராதபடி செய்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. பக்கத்தில் கனிஷ்கா இருக்கிறாள். பத்தாவது படிக்கும் பிள்ளை, அப்பனும் மாமனும் கத்திக்கொள்வதைக் கேட்க வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று பதினாறாம் நாள் நீங்கள் கேட்டீர்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். பிள்ளையார் சதுர்த்தி அன்று பண்ணையில் வேலை செய்யும் உண்ணாமலையும் சடையனும் லீவு. உங்கள் தங்கச்சி பூங்கொடி தனியாக முட்டை பொறுக்கப் போனாள். நான் நாமக்கல்லில் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு முட்டை ரூமில் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. அந்தப் பண்ணையில் செல்போன் டவர் எடுக்காது, மலையடிவாரம். வீட்டு இன்டர்நெட்டைப் பண்ணைக்கு அனுப்பும் உங்கள் வைஃபை ஒன்றை நம்பித்தான் இருந்தோம். அவள் போனில் பார்த்தேன். வாட்ஸப்பில் என்னைப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பதினொன்றும் போகவில்லை. என் போனில் அத்தனை நேரமும் டவர் முழுசாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் டேங்க் ஏணிக்கடியில் கிடந்தாள். செருப்பு ஒன்று மூன்றாம் படியில் இருந்தது. ரோடு கிழக்கே இருக்கிறது, இவள் மேற்கே போய் டேங்க் மேல் ஏறப் பார்த்திருக்கிறாள். பயத்தில் புத்தி கலங்கிவிட்டது போல. "கடிபட்டவங்க நடந்திருக்கவே கூடாது, ஏறினது ரொம்பத் தப்பு" என்று டாக்டர் சொன்னார்.

கனிஷ்கா வயசுக்கு வந்தபோது தெரட்டிச் சீர் என்று தட்டில் வைத்து நீங்கள் கொண்டுவந்த பெட்டி இது. உங்களிடமே சேர்த்துவிட்டேன். இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம்.

பாலசுந்தரம்


திருச்செங்கோடு
13.10.2024

மாப்பிள்ளைக்கு,

பெட்டி கிடைத்தது. நீங்கள் வரச் சொல்லவில்லை, பதில் எழுதச் சொல்லவும் இல்லை. எழுதக் கூடாது என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடையில் கேமராவும் வைஃபையும் விற்று, மாட்டிக் கொடுத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஆன்டெனாவின் பலத்துக்குக் கெயின் என்று ஓர் எண் உண்டு. எண் கூடக் கூட வெகுதூரம் எட்டும். உங்களுக்குக் கொடுத்ததன் அட்டையில் 24 என்று போட்டிருந்தது. பெங்களூர் மொத்த வியாபாரி அனுப்பினான், நான் அட்டையைப் படித்துவிட்டு மாட்டினேன். இவ்வளவுதான் எனக்கு இன்றைக்குத் தெரியும். நான் தெரிந்தே மட்டமான சரக்கைக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்யலாம். ஆனால் அது மட்டமான சரக்கா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அதுதான் இந்தப் பத்து நாளாக என்னைத் தூங்கவிடாத விஷயம். தொழில்காரன் நான், தெரியாது என்று எழுதுகிறேன்.

மாட்டிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசி மாசம், கனிஷ்காவின் தெரட்டி முடிந்த மறுநாள். தட்டில் தேங்காய் பழத்தோடு அந்தப் பெட்டியை வைத்தபோது உங்கள் பங்காளிகள் சிரித்தார்கள். "மாமன் சங்கிலி போடுவாருன்னு பாத்தா அட்டைப்பெட்டி போடறாரு." எனக்கு அப்போது போர்வெல் ரிக் லாரியில் பணம் போட்டுக் கைநஷ்டம், முக்கால் பவுன் மோதிரத்துக்கு மேல் முடியவில்லை. ஆனால் பண்ணையில் தனியாகக் கிடக்கும் தங்கச்சிக்குப் போன் எடுக்க வேண்டும் என்பதைவிடப் பெரிய சீர் வேறு இல்லை என்று நான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

உங்கள் வீட்டு மாடிக்கும் பண்ணைக்கும் மூன்று கிலோமீட்டர். நடுவில் வரிசையாகப் புங்க மரம். பத்தே நிமிஷத்தில் சிக்னல் பிடித்துவிட்டது. நான் கூரை மேலிருந்து கத்தினேன், "கண்ணு, எப்பிடித் திருப்புனாலும் புடிக்குது பாரு!" அவள் கீழே நின்று கைதட்டினாள்.

ஆன்டெனாவை நான் அளக்கப் போகிறேன் மாப்பிள்ளை. அளந்து பார்க்காமல் அட்டையை நம்பிய பாவத்துக்கு இப்போதாவது அளக்கிறேன். என்ன வந்தாலும் மறைக்காமல் எழுதுவேன்.

தமிழரசு


சேந்தமங்கலம்
27.10.2024

தமிழரசு அவர்களுக்கு,

அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்? எண் நல்லதாக வந்தால் அவள் எழுந்து வந்துவிடுவாளா? உங்கள் மனசு ஆற ஒரு வழி தேடுகிறீர்கள். தேடுங்கள். எனக்கு எழுதிக் காட்ட வேண்டாம்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. கனிஷ்கா துணி வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் அவளுக்கு ஜடை பின்ன எனக்கு வரவில்லை. அவளே பின்னிக்கொண்டு போகிறாள், கோணலாக. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். பண்ணையை மூடிவிடலாம் என்று தோன்றுகிறது. ஏழாயிரம் கோழிக்கு இதெல்லாம் தெரியுமா? காலையில் தீவனம் கேட்டுக் கத்துகிறது.

உங்கள் சீர் எதுதான் உருப்படியாக இருந்தது? புதுவீடு புகுந்தபோது கொடுத்த கிரைண்டர் ஒரு மாசத்தில் கல் விண்டுபோனது. ஊரே பார்த்தது. இதுவும் அப்படித்தான் என்று முதல்நாளே எனக்குத் தோன்றியது. தீவனம், லோடு என்று வெளியே சுற்றும் நான் பண்ணையில் நின்று போன் பேசியதில்லை, அதனால் ஒவ்வொரு மாசமும் அவளைக் கேட்டேன், "வைஃபை எடுக்குதா, இல்ல உங்கண்ணன் கிரைண்டர் மாதிரிதானா?" அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "ஜம்முனு எடுக்குதுங்க, என்ற அண்ணன் வெச்சதாச்சே" என்பாள். இரண்டரை வருஷம் ஜம்மென்று எடுத்தது, அவளுக்கு உயிர் போகும் அன்றைக்கு மட்டும் எடுக்காமல் போகுமா? அன்றைக்குப் பார்த்து என்ன கெட்டது? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

பாலசுந்தரம்


திருச்செங்கோடு
24.11.2024

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் அளந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இன்ஜினியரிங் காலேஜ் லேபில் கோகுல்ராஜ் என்று எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். அவரிடம் சோதனைச் சாலையில் அளந்து சான்றிதழோடு வாங்கிய ஆன்டெனா ஒன்று உண்டு. அதன் கெயின் 15, அதில் சந்தேகமே கிடையாது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலேஜ் மைதானத்துக்குப் போனோம். ஒரு கோடியில் சிக்னல் அனுப்பும் பெட்டி. இருநூறு மீட்டர் தள்ளி, நண்பர் சண்முகவேலின் ரிக் லாரியை நிறுத்தி அதன் மேல் கம்பம் கட்டினோம். தரையில் பட்டுத் திரும்பும் அலை கணக்கைக் கெடுக்கும், அதற்காக உயரம். அதே கம்பம், அதே ஒயர், அதே இடம். காலேஜ் ஆன்டெனாவை மாட்டி எண்ணைக் குறித்தோம். கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்டிக் குறித்தோம். இப்படிப் பத்துத் தடவை மாற்றி மாற்றி.

உங்களுடையது 24 என்றால் ஒவ்வொரு தடவையும் ஒன்பது கூடுதலாகக் காட்ட வேண்டும். பத்துத் தடவையும் இரண்டும் ஒரே எண்தான் காட்டின. அட்டையில் 24, உள்ளே 15.

எனக்கு ஆசை விடவில்லை. காது உடைந்ததால் இருக்குமோ என்று உடையாததையும் மாட்டினேன். அதே 15. பிறகு கோகுல்ராஜ் ஆன்டெனாவை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார். நிஜமான 24 என்றால் அதன் பார்வை ரொம்பக் குறுகல். ஐந்தாறு டிகிரி திரும்பினாலே பலம் பாதியாகிவிடும். இது பதினேழு டிகிரி திருப்பிய பிறகுதான் பாதியானது. அவர் சொன்னார்: "எப்படித் திருப்பினாலும் புடிக்குதுன்னா சந்தோசப்படக் கூடாதுங்க. தூரத்துக்கு எட்டாதுன்னு அர்த்தம்." நான் லாரி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரை மேல் நின்று நான் கத்தியது அதைத்தானே. அதுதான் குறை என்று அந்த ஆன்டெனாவே அன்றைக்குச் சொன்னது, நான் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அளக்கக்கூட வேண்டியதில்லையாம். உங்களுடையது ஒரு சாண் அகலத் தகடு. நிஜமான 24 மூன்று சாண் அகலமாவது இருக்க வேண்டும். இது தொழில் படித்தவன் பார்த்ததும் சொல்லிவிடுவான். நான் படிக்கவில்லை, பதினான்கு வருஷம் அட்டையைப் படித்தேன்.

அந்த எண் மூன்று குறைந்தால் பலம் பாதி. ஒன்பது குறைந்தால் எட்டில் ஒன்று. இரண்டு பக்கமும் அதே ஆன்டெனா, அதனால் கடைசியில் வந்து சேர்ந்தது அறுபத்து நான்கில் ஒன்று. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் மாட்டியது மாசியில். புங்கை இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. நடுவில் தடையில்லை, 15 போதும். சித்திரையில் தழைத்ததும் அந்த இலைகள் மிச்சத்தை விழுங்கிவிடும். தழைக்கும் என்று எனக்குத் தெரியும். 24 இருக்கிறதே, மரத்தைத் தாண்டிப் போக மிச்சம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டுத்தான் மாட்டினேன். அந்த மிச்சம் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் அது அன்றைக்கு மட்டும் கெட்டுப்போகவில்லை மாப்பிள்ளை. வருஷத்தில் ஒன்றிரண்டு மாசம் தவிர அது ஒருநாளும் எடுத்திருக்கவே முடியாது.

ஆனால் பூங்கொடி எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்குப் பண்ணையிலிருந்து போன் செய்வாள். "சிக்னல் எப்பிடிக் கண்ணு?" என்று கேட்பேன். "ஜம்முனு இருக்குதுங்கண்ணா." காற்றுச் சத்தம் பலமாகக் கேட்கும். என்ன என்றால், ஷெட்டில் ஃபேன் ஓடுகிறது என்பாள். மைதானத்திலிருந்து வந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாசத்திலிருந்து அவள் கூப்பிட்டதெல்லாம் அதில் இருந்தது. ஒன்றுகூட வாட்ஸப் இல்லை. எல்லாம் சாதாரண டவர் கால். வைஃபையில் பேசியிருந்தால் வாட்ஸப் என்றுதான் வந்திருக்கும், சாதாரண காலை வைஃபை வழியாகப் பேசும் வசதி அவளுடைய பழைய போனில் கிடையாது. வாராவாரம் என் கையில்தான் இருந்தது அது. நான் கவனிக்கவில்லை.

டவரே எடுக்காத பண்ணையிலிருந்து அவள் எங்கே நின்று பேசினாள்? உண்ணாமலைக்குத் தெரிந்திருக்கலாம். கேளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

தமிழரசு


சேந்தமங்கலம்
9.12.2024

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கேட்கப் பயமாக இருந்தது. பிறகு உண்ணாமலையைக் கேட்டேன்.

அவள் முதலில் தெரியாது என்றாள். நான் அதட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள். "அம்மிணி டேங்க் மேல ஏறித்தானுங்க பேசும். அங்க ஒரு கோடு டவர் எடுக்குமுங்க. தெனமும் ஏறுமுங்க. மழையிலகூட முக்காட்டப் போட்டுக்கிட்டு ஏறுமுங்க. ஏனுங்க அம்மிணி இந்தப் பாடு, ஊட்டுக்காரருகிட்ட சொன்னா வேற மாத்திருவாருங்களேன்னு கேட்டனுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத உண்ணாமலை, என்ற அண்ணன் சீருன்னு வெச்சது, இதுவும் எடுக்கலைன்னு தெரிஞ்சா மறுபடியும் பேச்சாயிருமுன்னு சொல்லுச்சுங்க. சாமி மேல ஆணை வாங்கிருச்சுங்க."

மறுபடியும் பேச்சாயிரும். அந்தப் பேச்சு என்னுடையது மச்சான். கிரைண்டரைப் பற்றி நான் எத்தனை விசேஷத்தில் சொல்லிச் சிரித்திருப்பேன்! காதுகுத்தில் சொன்னேன், கல்யாணத்தில் சொன்னேன், உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எல்லாரும் சிரிப்பார்கள். முதல் இரண்டு தடவை அவள் அழுதாள். அப்புறம் அழவில்லை. பழகிவிட்டாள், விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒரு கிரைண்டர் கல்லுக்காக அவளை இரண்டரை வருஷம் ஏணி ஏற வைத்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எழுதினேன். கலங்கவில்லை. வைஃபை எடுக்காது என்று தெரிந்தும் பதினொரு தடவை அடித்துப் பார்த்திருக்கிறாள். ஒருவேளை இன்றைக்காவது எடுக்கட்டும் என்றிருக்கும். எடுக்கவில்லை. அப்புறம் டவர் எடுக்கும் இடத்துக்கு நேராகப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். "இது எடுக்கறதே இல்லைங்க" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி நான்தான் வைத்திருந்தேன்.

நேற்று ஞாயிறு சாயங்காலம் அந்த டேங்க் மேல் ஏறினேன். இருபத்திரண்டு படி. மேலே முட்டை அட்டை நான்கு, ஒன்றன் மேல் ஒன்றாக, மழையில் ஊறிக் காய்ந்து கிடந்தன. உட்கார அடுக்கி வைத்திருக்கிறாள். அவற்றின் மேல் உட்கார மனசு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று காதை அடைக்கிறது. ஷெட்டில் ஃபேன் ஓடுகிறது என்று உங்களிடம் சொன்னாளே, அது இந்தக் காற்றுதான். அங்கிருந்து பார்த்தால் புங்க மரத்துக்கு மேலாக நம் வீட்டு மாடி தெரிகிறது.

என் போனில் அங்கேயும் டவர் இல்லை, கம்பெனி வேறு. அவள் போனைக் கொண்டு போயிருந்தேன். அதில் ஒரு கோடு எடுத்தது. ஐந்து மணிக்கு உங்களுக்கு அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். வாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னவன் நான்.

உண்ணாமலையும் சடையனும் இன்னும் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறார்கள். பாம்பும் அங்கேதான் இருக்கும். அளந்து பார்த்த ஆன்டெனா ஒன்றைக் கொண்டுவந்து நீங்களே மாட்டித் தர வேண்டும். கனிஷ்கா மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். உங்களை நான் பேசிய பேச்சையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பாலசுந்தரம்


திருச்செங்கோடு
12.12.2024

மாப்பிள்ளைக்கு,

கோபத்தில் எடுக்காமல் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் இருந்தேன். இந்த மூன்று மாசமாக ஐந்து மணி ஆனால் கை தானாகப் போனை எடுத்து மேஜை மேல் வைத்துவிடும். பழக்கம். அன்றைக்கும் வைத்தேன். அடித்தது. பூங்கொடி என்று பெயர் வந்தது. அவள் கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படமும் வந்தது. எனக்குக் கை நகரவில்லை. என் வீட்டுக்காரி சௌந்தர்யா உள்ளேயிருந்து வந்து, "ஏனுங்க, எடுங்க" என்றாள். பெயரைப் பார்த்ததும் அவளும் அப்படியே நின்றுவிட்டாள். ஓய்ந்த பிறகு மறுபடி அடிக்கும் என்று கடையைச் சாத்தும்வரை காத்திருந்தேன்.

கிரைண்டர் விஷயத்தை விட்டுவிடுங்கள். கல் விண்டது நிஜம்தானே. அதையும் நான் தட்டிப் பார்க்காமல்தான் வாங்கினேன்.

கடையில் மிச்சமிருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் 24ஐ அடித்துவிட்டு மார்க்கரில் 15 என்று எழுதிவிட்டேன். ஏற்கெனவே வாங்கிப் போன ஒன்பது பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பெரியவர், "நல்லாத்தானே எடுக்குது, எதுக்குப்பா கெடுக்கற?" என்று திட்டினார். திட்டட்டும். உங்கள் பண்ணைக்குக் கம்பிவலை டிஷ் இரண்டு எடுத்து, அதே மைதானத்தில் வைத்து அளந்தாயிற்று. மூன்றரைச் சாண் அகலம். அட்டையில் 24, அளவில் 23. இதைத் திருப்பி நேராக நிறுத்த அரை நாள் ஆகும். ஆகட்டும்.

வருகிறேன் மாப்பிள்ளை. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் போனிலிருந்து இன்னொரு தடவை அடியுங்கள். அதை எடுத்துவிட்டால்தான் என்னால் அந்த வாசலில் கால் வைக்க முடியும். ஏணியில் பார்த்து ஏறுங்கள், பனியில் படி வழுக்கும்.

நான் எடுத்ததும் உடனே பேச மாட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

தமிழரசு